பேர் வெட்டுற கடுதாசி

முப்பத்தஞ்சு வருசமா தேயிலத் தோட்டத்து செக்ரோல் பதிவுல இருக்குற என் பேர வெட்டுங்கன்னு நானே ஆபிசுல போயி கேட்டேன். பேர் வெட்டினாத்தான் ஈபிஎஃப் சேமிப்புக் காசும் சர்வீஸ் காசும் கைக்கு வரும். வந்தாத்தான் எம்மக தனுஜா கொழும்புக்குப் போயி படிக்கலாம். கிளாக்கரு கண்ணாடிய எறக்கிட்டு என்னய பாத்தாரு.

"அழகம்மா, ஒங்க காம்பராவுல வேற யாரு தோட்டத்துல வேல செய்றா?"

"யாரு இருக்கா? அவரு செத்து அஞ்சு வருசமாச்சு. நான் ஒருத்திதான்."

"அப்ப தோட்டம் குடுத்த காம்பராவ ஒப்படைக்கணும். அதையும் கடுதாசியில எழுதி வெள்ளிக்கெழம கொண்டாங்க."

சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். றொசல்ல ஸ்டேசனுக்கு மேல எங்க லயம், வரிசையா ஒட்டுன ஒத்த அற வீடுங்க; அதுல ஒண்ணுதான் எங்க காம்பரா. அந்த ஏத்தத்த தெனம் ஏறுறவதான், அன்னைக்கு மட்டும் மூணு எடத்துல ஒக்காந்தேன்.

ஏஎல் பரீச்சையில தனுஜாவுக்கு மெடிசினுக்குத் தேவையான வெட்டுப்புள்ளி எட்டல. அதுக்கப்புறம் ஒரு பளபளப்பான தாளத் தூக்கிட்டு வந்துச்சு. கொழும்புல ஏதோ தனியார் காலேஜாம். சுகாதார விஞ்ஞானப் பட்டம், நாலு வருசம், பதினெட்டு லட்சம். தாளுல வெள்ளக் கோட்டு போட்ட ஒரு புள்ள சிரிச்சிக்கிட்டு நின்னுச்சு. அது எதுக்குச் சிரிக்குதுன்னு பாக்கப் பாக்க எனக்கு எரிச்சலா வரும்.

"இது டொக்டரு படிப்பா, நர்ஸ் படிப்பா?"

"ரெண்டும் இல்லம்மா. எல்லாத்துக்கும் அடிப்படை."

"அடிப்படைக்கே பதினெட்டு லட்சமா? ஆத்தாடி!"

மூஞ்சியத் திருப்பிக்கிட்டு செவத்தப் பாத்து படுத்துருச்சு. அடுத்த காம்பரா காளியாயிக்கு இதெல்லாம் எங்க புரியும்? "டொக்டரம்மா படிச்சு முடிச்சதும் மொதல்ல என் காலத்தான் பாக்கணும்"னு வீங்குன கால நீட்டிக்கிட்டு வந்து ஒக்காந்துருச்சு. என்னத்தச் சொல்ல!

என் காசு மொத்தமும் போட்டாலும் பாதியத் தாண்டி கொஞ்சந்தான் வரும். மிச்சத்துக்குக் கடன். அது கூடப் பரவால்ல. புள்ள போயிட்டா நான் எந்த வீட்டுல, யாரோட இருப்பேன்? தனுஜா ஹட்டனுக்கு டியூசன் போன நாள்ல, திரும்பி வர்ற வரைக்கும் நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன். ஒருத்திக்கு என்ன சமையல்? நான் வாய்க்காரின்னு லயமே சொல்லும். பகல் பூரா மலையில கத்துறது, அந்தியில பேச ஆளில்லாம இருக்குறதுக்கும் சேத்துத்தான்னு யாருக்குத் தெரியும்.

கினிகத்தேனையில கட வச்சிருக்குற மஃறூப் முதலாளியோட மக ஸஹ்லாவும் இதே படிப்பத்தான் படிச்சுதுன்னு தனுஜாவே ஒருநா சொல்லியிருந்துச்சு. வியாழக்கெழம அரைநாள் லீவு போட்டுட்டு பஸ் ஏறினேன். போயி பாத்தா, பட்டம் வாங்குன புள்ள கடையில பருப்பு நிறுத்துக்கிட்டு நிக்கிது.

விசயத்தச் சொன்னேன். பருப்புப் பையக் கட்டி அங்கிட்டு வச்சிட்டு, ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டுச்சு.

"பொய் சொல்லி என்ன அக்கா? படிப்பு நல்லதுதான். ஆனா அத வச்சி நர்சா வேல செய்ய ஏலா. அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் எனக்கு எடம் கெடைக்கல்ல. கொழும்புல ஒரு லேப்ல நாப்பத்தஞ்சாயிரம் தந்தாங்க. ரூமுக்கும் சாப்பாட்டுக்குமே முப்பத்தஞ்சு போச்சி. வெளிநாட்டுக்குப் போறதெண்டா மேல ரெண்டு வருசம் படிக்கோணும். எங்கட வாப்பாக்கு கட இரிந்திச்சி, வந்து ஒக்காந்துட்டன். ஒங்களுக்கு என்ன இரிக்கி?"

அது மனசு நோக சொல்லல. உள்ளதச் சொல்லுச்சு.

"மகள்ட ரிசல்ட்டுக்கு அரசாங்க நர்சிங்குக்குப் போடலாமே அக்கா. இப்ப விண்ணப்பம் கேட்டிரிக்காங்க. படிக்கிற காலத்துலயே மாசாமாசம் காசு தாறாங்க." போன்ல தேடி, பக்கத்துக் கடையில அச்சடிச்சு, விண்ணப்பப் பாரத்தையும் கையில குடுத்துச்சு.

பஸ்ஸுல வர்றப்ப எனக்கு அப்படி ஒரு சந்தோசம். காசு தப்பிச்சுதுன்னு வந்த சந்தோசமுன்னுதான் நெனச்சேன். வட்டவளைக்கு கிட்ட வந்தப்பதான் ஒறைச்சுச்சு. கொழும்புப் பேச்சு முடிஞ்சுது, புள்ள கிட்டத்துலயே இருக்கும், அந்தச் சந்தோசம் அது. சீ, நீயெல்லாம் ஒரு தாயான்னு என்னயவே திட்டிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து எதையும் மறைக்கல. ஸஹ்லா சொன்னது எல்லாத்தையும் சொன்னேன். பஸ்ஸுல வந்த சந்தோசத்தையும் சொல்லிட்டேன்.

தனுஜா தலையக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்குத் தெரியும். போன மாசமே ஸஹ்லாக்காவ கேட்டேன்"னுச்சு.

"தெரிஞ்சுமா எம்பேர வெட்ட விட்ட?"

"எனக்கு இங்க இருக்க முடியலம்மா. போவணும்."

"அடியே, போறதுக்கு பஸ் காசு போதுமேடி! எதுக்குடி பதினெட்டு லட்சம்?"

"சும்மா போனா என்னம்மா சொல்வாங்க? வீட்டுவேலைக்குப் போயிட்டான்னுதான சொல்வாங்க. இங்கருந்து கொழும்புக்குப் போற பொண்ண வேற என்ன சொல்லியிருக்காங்க?"

பன்னெண்டு வயசுல என்னயக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்புனாங்க. மாடிப்படிக்கு அடியில பாய விரிச்சுப் படுத்து அஞ்சு வருசம் ஓட்டினேன். திரும்பி வந்தப்ப, எச்சித்தட்டு கழுவுனவன்னு எந்தக் கல்யாணப் பேச்சும் ஒழுங்கா முடியல. இதையெல்லாம் புள்ளைக்கு நாந்தான் சொன்னேன். படிக்கட்டும்னுதான் சொன்னேன். என் கதைய கழுவித் தொடைக்கத்தான் அதுக்குப் பதினெட்டு லட்சம் தேவப்பட்டுச்சுன்னு அப்பத்தான் வெளங்குச்சு.

அன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பிடல.

மறுநா வெள்ளிக்கெழம காலையில, பேர் குடுக்குற பெரட்டுக்குப் போனப்ப கிளாக்கரு கடுதாசி எங்கன்னு கேட்டாரு. பேர் இருக்கட்டும் ஐயான்னுட்டு மலைக்கு ஏறிட்டேன். அந்தியில வந்து பாரத்த எடுத்து தனுஜா முன்னுக்கு வச்சேன்.

"இதுக்குப் போ. வெள்ள உடுப்பு குடுப்பாங்க. அதப் போட்டுக்கிட்டுப் போறவள எவன் வேலக்காரின்னு சொல்றான்னு பாக்குறேன்."

தனுஜா பேனாவ எடுத்து ஒவ்வொண்ணா நெரப்புச்சு. எந்த ஊர்ல படிக்க விருப்பமுன்னு ஒரு எடத்துல கேட்டுருந்தாங்க. மொதல்ல கண்டின்னு எழுதுச்சு.

"ஏம்புள்ள கண்டி?"

"கண்டின்னா லீவு நாள்ல வந்துட்டுப் போயிருவேன்ல."

வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும், புள்ள பக்கத்துலயே இருக்கும். ஆனா அது கொழும்பு கொழும்புன்னு கெடந்த கெடைய நான் பாத்தவ.

"அத அடிச்சிட்டு கொழும்புன்னு எழுது."

பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு என்னயப் பாத்துச்சு. "நீங்க தனியா இருந்துருவீங்களாம்மா?"

இருப்பேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரல.

"இல்ல புள்ள, இருக்க முடியாது. நீ எழுது."