மூன்று நாளில் எட்டு ரிப்பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டே, என்னை விட்டு ஒரேயடியாகப் போகப்போவதாக என் மனைவி சொன்னாள். இப்படிப் பளிச்சென்று சொல்லவில்லை. அவள் சொன்ன விதம் இது:

"அக்கா போன் பண்ணினா. அத்தான் போனதிலேர்ந்து தனியா இருக்க முடியலையாம். நீ இங்கயே வந்துடு, கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து இருந்துடலாம்னா. சனிக்கிழமை காலையில ஒரு ரயில் இருக்காம்."

"நீ என்ன சொன்னே?"

"உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

என் வயிற்றுக்குள் பத்தாவது மாடியிலிருந்து ஒரு லிப்ட் கயிறு அறுந்து விழுந்தது. கயிறு அப்படியெல்லாம் சுலபத்தில் அறுந்து விழாது என்பது முப்பத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த எனக்குத் தெரியும். ஆனாலும் விழுந்தது. தரையை உடைத்துக்கொண்டு பாதாளம் வரைக்கும் போனது. இந்தச் சத்தமெல்லாம் உள்ளே. வெளியே நான் சொன்னது இரண்டே வார்த்தை.

"உன் இஷ்டம்."

எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னேன் தெரியுமா! என் அம்மா செருப்பை மாட்டினாலே "எங்கே கிளம்பிட்டே?" என்று என் அப்பா போடும் சத்தத்தில் மூன்று தெரு தள்ளிக் குழந்தைகள் விழித்துக்கொள்ளும். நான் அந்த ரகம் இல்லை. கலியாணமான நாளிலிருந்து குறைந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தடவை "உன் இஷ்டம்" சொல்லியிருப்பேன். எனக்கு ஒரு சிலையே வைக்கலாம்.

அவள் போர்வையின் முனைகளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். நான் சிலைக்கு எந்த முச்சந்தி பொருத்தம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் போகக் கூடாது. இதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. ஆனால் "போகாதே" என்பது என் அப்பாவின் வார்த்தை. அதை எப்படி என் வாயால் சொல்வது? எனக்கு வேறு வழி தெரியும். லிப்ட் நின்றுபோனால் நாங்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல மாட்டோம். எங்கே கோளாறு என்று தேடுவோம், சரிசெய்வோம், ஓட விடுவோம். ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்றால் வீட்டில் எங்கேயோ கோளாறு. கோளாறை எடுத்துவிட்டால் அவள் ஏன் போகப்போகிறாள்?

அன்று மத்தியானமே கேட்டுவிட்டேன்.

"இந்த வீட்டுல உனக்கு என்ன குறை? சொல்லு, பாத்துடலாம்."

"குறைன்னு என்ன இருக்கு?" என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்தச் சமையல் ரூம்லதான் முப்பத்தஞ்சு வருஷம் நின்னிருக்கேன். சாயங்காலமானா ஒரே இருட்டா இருக்கு. சில நாள் இப்படியே நின்னுக்கிட்டு இருப்பேன், எதுக்கு நிக்கிறேன்னே தெரியாது."

இருட்டு! குறித்துக்கொண்டேன். அவள் அதற்குப் பிறகும் என்னமோ சொன்னாள், நான் அதற்குள் விளக்கு வாங்கக் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் ஒரு விளக்கு மாட்டினேன் பாருங்கள், அந்த வெளிச்சத்தில் எதிர்வீட்டுக்காரர் அவர் வீட்டில் உட்கார்ந்தபடியே பேப்பர் படித்தார்.

"போதுமா?" என்றேன்.

"ஊசி கோக்கலாம் போல" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம், "மாடிப்படி ஏறினா முட்டி பிடிச்சுக்குது. ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு இல்ல?" என்றாள். செவ்வாய்க்கிழமை படி ஓரத்தில் கைப்பிடி ஏறியது. யானையைக் கட்டி இழுத்தாலும் யானைதான் களைக்கும். "வீடே சத்தமில்லாம கிடக்கு" என்றாள். ஒரு ரேடியோ வந்தது. ஒழுகிய குழாய், கிரீச்சிட்ட கதவு, கை எட்டாத அலமாரி, எதையும் விடவில்லை. கேஸ் அடுப்பைப் பிரித்துத் துடைத்து மாட்டி, சரியாக எரிகிறதா என்று நானே காபி போட்டுப் பார்த்தேன். காபி கேவலமாக இருந்தது, ஆனால் அடுப்பு அற்புதம். அவள் சமையல் ரூம் வாசலில் நின்று பார்த்தாள்.

"காபி கூடப் போட்டுக்கிறீங்களே."

"பின்னே? இதென்ன பெரிய வித்தையா?" என்று மார்தட்டினேன்.

புதன்கிழமை சந்தேகம் தட்டியது. எட்டு ரிப்பேர் முடிந்துவிட்டது, ஆனால் அவள் பெட்டியில் துணி ஏறிக்கொண்டே இருந்தது. யோசனை கேட்க டீக்கடைக்குப் போனேன். முப்பது வருஷம் என்னோடு ஜோடி போட்டு வேலை செய்த கூட்டாளி அங்கே இருந்தான். நாங்கள் அவனை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவோம். ஒரு வருஷத்துக்கு அவன் பேசுவதை ஒரு தபால் கார்டில் எழுதி, மிச்ச இடத்தில் விலாசமும் எழுதலாம். குடும்ப விஷயத்துக்கு யோசனை கேட்க இவனைப் போய்ப் பிடித்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!

"டேய், வீட்டுல கோவிச்சுக்கிட்டா நீ என்னடா பண்ணுவே?"

டீ முழுவதையும் குடித்தான். கிளாஸை வைத்தான். "எங்க வீட்டுல சண்டையே வராது."

"எப்படிடா?"

"பேசினாத்தானே?"

அவன் பெண்டாட்டி பாவம், சுவரோடு பேசிப் பேசி அந்தச் சுவர் இந்நேரம் பட்டப்படிப்பு முடித்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வியாழக்கிழமை மகள் போன் செய்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னோடு பேசும்போதும் அந்தக் குரல்தான்.

"அப்பா, வீட்டுல என்ன நடக்குது?"

"ஒண்ணும் இல்லையே. எல்லாம் ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கேன். வந்து பாரு, அரண்மனை தோத்துடும்."

"அதைத்தான் கேக்குறேன். அம்மா போன்ல ஒரே அழுகை. 'நான் போறேன்னு சொன்ன மறுநாளே உங்க அப்பா தனியா இருக்கிறதுக்கு வீட்டைத் தயார் பண்ண ஆரம்பிச்சுட்டார். விளக்கு மாட்டியாச்சு, பிடிச்சு ஏறக் கைப்பிடி வெச்சாச்சு, பேச்சுத்துணைக்கு ரேடியோ வாங்கியாச்சு, காபி போடவும் கத்துக்கிட்டார். நான் எப்படா கிளம்புவேன்னு காத்துக்கிட்டு இருக்கார்'ங்கிறாங்க."

நான் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். நாற்காலியின் கால் ஆடாமல் இருந்தது. அதையும் நான்தான் சரிசெய்திருந்தேன்.

"அவளுக்காகத்தானே பண்ணினேன்!"

"அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"பாத்தாலே தெரியாதா?"

"தெரியலையேப்பா. அம்மா எதுக்கு உங்ககிட்ட கேட்டாங்க? நீங்க போக வேணாம்னு சொல்வீங்கன்னு. நீங்க உன் இஷ்டம்னுட்டீங்க."

"வேணாம்னா அவளே வேணாம்னு சொல்லலாமே. எனக்குப் போக மனசில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ரயிலையே நிறுத்தியிருப்பேன்!"

"அம்மாவா? அம்மா என்னைக்கு தனக்கு ஒண்ணு வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருக்காங்க? அப்படிக் கேட்டா அடங்காப்பிடாரின்னு பேர் கிடைக்கும்னு சொல்லி வளர்த்திருக்காங்க அவங்களை." மூச்சு விட்டாள். "அப்பா, ஒரே ஒரு வாக்கியம். 'நீ போகாதே, நீ இல்லாம என்னால முடியாது.' சொல்லிடுவீங்களா?"

"இதென்ன பெரிய வித்தையா?" என்றேன். இந்தத் தடவை மார்தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஒத்திகை பார்த்தேன். குளியலறையில் சொன்னேன், வாளி உருகியது. கண்ணாடி முன்னால் சொன்னேன், கண்ணாடிக்குள் இருந்த கிழவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாயங்காலம் அவள் பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்திருந்தபோது நானும் எதிரில் உட்கார்ந்தேன். என் முட்டி வெடித்த சத்தத்தில் பேச்சு தானாக ஆரம்பித்தது.

"இந்தாம்மா. ஒண்ணு சொல்லணும்."

அவள் கை நின்றது.

"அங்க... உங்க அக்கா வீட்டுல குளிர் ஜாஸ்தி. உனக்கு ஒத்துக்காது. அப்புறம் ரயில்ல பதினாலு மணி நேரம். முட்டிக்கு ஆகாது. அங்க டாக்டர் யாருன்னும் தெரியாது..."

நான் அடுக்கிக்கொண்டே போனேன். ஏழு காரணம் சொன்னேன். ஏழும் எஃகு மாதிரி. எனக்கே புல்லரித்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் மெதுவாகப் பதில் சொன்னாள். ஸ்வெட்டர் இருக்கிறது. கீழ்ப்படுக்கைதான் கிடைத்திருக்கிறது. டாக்டர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். காரணமெல்லாம் தீர்ந்தது. பிறகு அவள், முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, என்னை நேராகப் பார்த்து நேராக ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் இல்லாட்டி உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லிப்ட் குழிக்குள் ஒருவன் நிற்பான், மேலே மோட்டார் ரூமில் ஒருவன் இருப்பான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேலே இருப்பவன் லிப்டை அசைக்கும் முன்னால் "எப்படி இருக்கே?" என்று கத்துவான். கீழே இருப்பவன் "நல்லா இருக்கேன்!" என்று கத்துவான். கை நசுங்கி ரத்தம் கொட்டினாலும் முதலில் குரல் தெளிவாக வர வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். குரல் நடுங்கினால் மேலே இருப்பவன் கையும் நடுங்கும். பயந்தவன் கேலிப்பொருளாகிவிடுவான், மறுநாள் அவனுக்குப் பட்டறையில் பெண்பிள்ளைப் பெயர் வைத்துவிடுவார்கள். முப்பத்தாறு வருஷம், ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. கேள்வி காதில் விழும் முன்னே பதில் வாயை விட்டு வந்துவிடும்.

வந்துவிட்டது.

"எனக்கென்ன கஷ்டம்? நான் நல்லா இருப்பேன். நீ கவலைப்படாதே."

தெளிவான குரல். துளி நடுக்கம் இல்லை. ஊமைக்கோட்டான் கேட்டிருந்தால் மெச்சியிருப்பான்.

அவள் தலையை ஆட்டினாள். பெட்டியில் கடைசியாக இரண்டு துணியை வைத்து மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. நான் உட்கார்ந்து அழுத்திக் கொடுத்தேன். ஆமாம், நான்தான்.

சனிக்கிழமை ரயில் நிலையத்தில் உலகத்து ஜனம் முழுவதும் கூடியிருந்தது. அவளை ஜன்னலோரத்தில் உட்கார வைத்தேன். பார்த்தால் ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி நிற்கிறது, கீழே இறங்கவில்லை. பதினாலு மணி நேரம் குளிர்காற்று! நான் பிளாட்பாரத்தில் நின்று, சாவிக்கொத்தை வைத்து அந்தக் கொக்கியை நெம்ப ஆரம்பித்தேன். அவள் உள்ளேயிருந்து குனிந்து என்னமோ சொன்னாள். இன்ஜின் சத்தம், ஒலிபெருக்கிச் சத்தம்.

"இதோ, ஆச்சு ஆச்சு!" என்றேன்.

மறுபடியும் சொன்னாள். அவள் கை என் கைக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்திருந்தது.

"ஒரே நிமிஷம் இரு, வந்துடுச்சு!"

வந்துவிட்டது. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொள்ள, கண்ணாடி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கச்சிதமாக மூடிக்கொண்டது. ரயில் நகர்ந்தது. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசுகிறோம். ஒரு நாள் கேட்டேன்.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல என்னமோ சொன்னியே, என்ன அது?"

"ஒண்ணுமில்லையே. எனக்கு ஞாபகம் இல்லை."

மகள் என்னை விடுவதாக இல்லை. "எப்ப வர்றேன்னாவது கேளுங்கப்பா" என்றாள். நேற்று கேட்டேன்.

"எப்ப வர்றே?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

எனக்கு இப்போது எல்லாம் தெரியும். மகள் வகுப்பெடுத்திருக்கிறாள். இதற்கு என்ன அர்த்தம், நான் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் மனப்பாடம். வாயைத் திறந்தேன்.

"உனக்கு எப்ப தோதுப்படுதோ, அப்ப வா. அவசரமில்லை."

"சரி" என்றாள். அவள் அக்கா எதற்கோ கூப்பிடும் சத்தம் கேட்டது. "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

சாப்பிட்டிருக்கவில்லை.

"வெச்சுடட்டுமா?"

"ம். வை."