நீக்கிய நாற்பத்தொன்று

உடல் கிடந்த ஃப்ரீசர் பெட்டியின் மேல் மாலையை வைத்த கை ஈரம் காய்வதற்குள், கிரிதர் மாதங்கியிடம் குனிந்து கேட்டது அவள் அப்பாவின் லேப்டாப்பை.

"தப்பா நெனைக்காதம்மா. லிஸ்ட்டை நாளைக்குள்ள அனுப்பணும்."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவர். அங்கேயே லேப் அட்டெண்டராக ஓய்வு பெற்ற அப்பா ஜெயராமிடம் ஏழு வருஷம் வேலை வாங்கியவர். செயற்கைக்கோள் எடுத்த வானப் படங்களில் எக்ஸ்-கதிர் வீசும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எண் கொடுத்து, எந்த நட்சத்திரம் என்று பட்டியலில் ஏற்றும் வேலை. சனிக்கிழமைதோறும் வந்து இவர் செய்தது, காபி குடித்தது. அதையும் அம்மாதான் போட்டாள்.

வாசலில் பக்கத்து வீட்டு மலைச்சாமி சொல்லிக்கொண்டிருந்தார்: "அம்புட்டு வருசமா ஆகாசத்தையே பாத்தாரு மனுசன். வீட்டுக்கு ஒரு வெள்ளையடிச்சாரா?"

கிரிதர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு ஃபைல் இருக்கும். அப்பா நாப்பத்தொண்ணை அடிச்சுட்டுத் திருத்துனது வேண்டாம். அதுக்கு முந்தினதைக் குடு."

அந்த நாற்பத்தொரு புள்ளிகளும் தன் கண்டுபிடிப்பு என்று இவர் மேடையேறிச் சொல்லிவிட்டார். அவை எக்ஸ்-கதிரே அல்ல. பிரகாசமான நட்சத்திரங்களின் சாதாரண வெளிச்சம் கேமராவுக்குள் கசிந்து விழுந்த புள்ளிகள். போன வாரம்கூட அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்: "கேமராவுக்குக் கண்ணு கூசுனா இவருக்குக் கண்டுபிடிப்பு. சொன்னா, 'நீ அட்டெண்டர்தானய்யா'ங்கறாரு."

"சரிபார்த்தவர்னு அப்பா பேரு மொதப் பக்கத்துலயே வரும்மா," என்றார் கிரிதர்.

தப்பு வெளியே வந்தால் யார் தலையில் விழும் என்பது மாதங்கிக்குப் புரிந்தது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார்.

உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்தாள். கேட்ட ஃபைலையே அவருடைய பென்டிரைவில் ஏற்றினாள்.

"அப்பா பேரை எடுத்துருங்க சார்."

"மரியாதைக்குத்தாம்மா..."

"மரியாதையெல்லாம் இங்கே போதுமான அளவு இருக்கு. ஜெயராம் இதைச் சரிபார்க்கலைன்னு லிஸ்ட் அனுப்புற எடத்துக்கு இப்பவே மெயில் போடுங்க. எனக்கும் ஒரு காப்பி."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரிதர் போனை எடுத்துத் தட்டினார். இம்புட்டுத்தானா என்பதுபோல் அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. பென்டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "தத்தனேரி சுடுகாட்டுக்கு வர முடியாதும்மா, மீட்டிங்," என்று படியிறங்கினார்.

மாதங்கி தனக்கு வந்த அவருடைய மெயில் காப்பியைத் திறந்தாள். மேலே லிஸ்ட் போகும் இடத்தின் முகவரி இருந்தது. திருத்திய பட்டியலை இணைத்தாள். 'நாற்பத்தொன்று நீக்கப்பட்டுள்ளன. காரணம் ஒவ்வொன்றின் எதிரிலும் உள்ளது. ஜெயராம், விளாங்குடி' என்று எழுதி அனுப்பினாள்.

"மாதங்கி, வாய்க்கரிசி போட வா," என்று அம்மா ஸ்யாமளா கூப்பிட்டாள்.

பெட்டியைத் திறந்திருந்தார்கள். கை நிறைய அரிசியோடு குனிந்தாள். அப்பாவின் மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது.