கடைசி எட்டுச் சுற்று

குடிநீர் அலுவலகத்தின் பின்பக்க அறையில் உட்கார்ந்திருக்கும் பொறியாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஏன்சார்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எங்கே நிலத்தடிக் குழாய் உடைந்தாலும், உடைந்த துண்டை வெட்டியெடுத்து, தேதி எழுதிய சீட்டைக் கட்டி அவர் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். ஏன் உடைந்தது என்று அவர் சொல்ல வேண்டும். படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் அவருக்கு ஒரு நாற்காலி.

உடைந்தது உடைந்துவிட்டது, இதற்குப் போய் ஓர் ஆளா என்று முன்கட்டில் கிண்டல் செய்வார்கள். ஏன்சார் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மனுஷன் மழுப்புவான், இரும்பு மழுப்பாது என்பது அவர் கட்சி. குறுக்கே முறிந்திருந்தால் அடியில் மண் இறங்கியிருக்கிறது, அல்லது மேலே பாரம் ஏறியிருக்கிறது. நெடுக்கே பிளந்திருந்தால் உள்ளே ஓடிய தண்ணீரே பிளந்திருக்கிறது. கத்தியால் சுரண்டும்போது பென்சில் கரி போல உதிர்ந்தால் துரு. பெரும்பாலும் எந்தக் காரணமும் தனியாக வராது. துரு வருஷக்கணக்காக உட்கார்ந்து அரிக்கும்; வேறொன்று வந்து கடைசி அடியைக் கொடுத்துவிட்டுப் போகும்.

கிழக்குப் பகுதிதான் அவர் உயிரை வாங்கியது. பதினான்கு மாதத்தில் பத்தொன்பது உடைப்பு. மற்றப் பகுதிகளிலும் அதே வயதுக் குழாய், அதே மண், அதே லாரிகள். ஆனால் இதில் பாதிகூட உடையவில்லை. பத்தொன்பதில் பதினொரு துண்டுகள் நெடுக்கே பிளந்தவை. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தார். அந்தப் பதினொன்றில் ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நாள் முன்னால், பக்கத்தில் ஏதோ ஒரு தெருவில் பழுது பார்க்க வால்வை மூடியிருந்தார்கள். மூடியவர் என்ற இடத்தில் பதினொன்றிலும் ஒரே கையெழுத்து இருந்தது.

அது மின்னலின் கையெழுத்து. மின்னல் வேறு யாருமில்லை, ஏன்சாருடைய மனைவியின் அண்ணன்.

வால்வு மூடுவதில் மின்னலை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குழாய் வெடித்துத் தெருவில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது சைக்கிளில் வந்து குதிப்பார். குழியின் மூடியைத் தூக்கி, நீளச் சாவியை உள்ளே இறக்கி, முப்பத்தெட்டுச் சுற்று. மற்றவர்கள் கால்மணி நேரம் முக்கி முனகும் வேலை அவருக்கு இரண்டு நிமிஷம். தெருவே கை தட்டும். மேற்பார்வையாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அப்பா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து, ஏன்சாரைத் தேடிப்பிடித்துக் கட்டிவைத்தவரும் அவர்தான். அண்ணனுக்குப் பதவி வரப்போகிறது என்று ஏன்சாரின் மனைவி பால்காரர் வரை சொல்லி முடித்திருந்தாள்.

ஏன்சார் அந்தத் தாளை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மூன்று நாள் தாங்கினார். போன வருஷம் மின்னல் இடுப்புப் பிடித்துக்கொண்டு ஐந்து வாரம் படுத்திருந்தார். அந்த ஐந்து வாரமும் மாற்று ஆள்தான் வால்வுகளை ஆடி அசைந்து மூடினான். வால்வு மூடியதைத் தொடர்ந்து பக்கத்தில் இன்னொரு உடைப்பு ஒன்றுகூட வரவில்லை. இதுவும் தெரிந்த பிறகு, தானே ஒரு முறை அளந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத் தெருவில் இணைப்பு வேலைக்காக மின்னல் வால்வு மூட வேண்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு குழாய் முனையில் அழுத்தம் பதியும் கருவியை மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வந்து நின்றார். மச்சானை வேவு பார்க்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

“கடிகாரத்தப் பாருங்க மாப்பிள்ளை,” என்று சொல்லிவிட்டு மின்னல் சுற்றினார். முடித்து நிமிர்ந்தபோது வேர்வைகூட இல்லை. “எவ்வளவு?”

“ஒண்ணே முக்கால் நிமிஷம்.”

“வயசாயிடுச்சு. முன்னெல்லாம் இன்னும் வேகம்,” என்று சிரித்தார்.

கருவியின் தாளில், நாலில் ஓட வேண்டிய கோடு பதின்மூன்று வரை செங்குத்தாக ஏறி இறங்கியிருந்தது. மறுநாள் மதியம் நூலகத்தின் பின்னால் ஒரு குழாய் நெடுக்கே பிளந்தது.

தலைமைப் பொறியாளர் அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“நாமளே உடைச்சோம்னு எழுதச் சொல்றீங்களா? பாதிக்கப்பட்ட அத்தனை பேரும் நாளைக்கு வாசல்ல நிப்பாங்க. குழாய்ல துரு இருந்ததா இல்லையா?”

“இருந்தது மேடம்.”

“அப்ப தேய்மானம்னு எழுதுங்க. அதுவும் பொய் இல்லையே.”

பொய் இல்லைதான். பன்னிரண்டு படிவத்திலும் ‘தேய்மானம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஏன்சார். மச்சானுக்கு வரவேண்டிய பதவிக்கு ஆபத்து இல்லை, வீட்டில் அமைதி கெடவில்லை, மேலிடத்துக்கும் திருப்தி. ஆனால் படிவத்தைக் குழாய் படிக்கப்போவதில்லை. மின்னல் அடுத்த முறை மூடும்போதும் எங்கோ ஒன்று பிளக்கத்தான் போகிறது. அந்த எண்ணம் அவரை உட்காரவிடவில்லை.

மறுநாள் கருவிகள் அடுக்கிய அறையில் மின்னலை உட்காரவைத்துச் சொன்னார். “ரெண்டு கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணி ஓடி வருது மச்சான். டக்குனு கதவச் சாத்தினா அது எங்க போகும்? முட்டித் திரும்பி ஓடும். போற வழியில துருப்பிடிச்ச இடம் எதுவோ அங்க பிளந்துடும். முதல் முப்பது சுத்து எப்படி வேணா சுத்துங்க. கடைசி எட்டுச் சுத்துலதான் ஆபத்து. அதுக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கணும்.”

மின்னல் முதலில் சிரித்தார். தாளைக் காட்டியதும் எகிறினார். “இருபத்திரெண்டு வருஷம் விழுந்தடிச்சு ஓடியிருக்கேன். அதுவா தப்பு? நீங்க மேசையில உக்காந்து கோடு கிழிச்சுட்டு வந்து என் தலையில கட்டறீங்களா?”

ஏன்சார் தாளை அவர் பக்கம் தள்ளினார். தாளில் இருந்த தேதிகளை மின்னல் விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இது தையல்காரர் கடையா?”

எட்டு மாதத்துக்கு முன்னால் தையல்காரரின் கடை வாசலில் குழாய் வெடித்து, சுவர் அரித்து, அவர் கால் மேலேயே சரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவரைத் தோளில் தூக்கி வந்தவர் மின்னல். ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் போய்ப் பார்த்தவரும் அவர்தான். தையல்காரரின் வலது கால் இனி மெஷினை மிதிக்காது.

“அதுவும்தான்,” என்றார் ஏன்சார். “முந்தின நாள் முக்குல ஒரு வால்வு மூடினீங்க.”

மின்னல் தாளை மடித்துக் கையில் கொடுத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து, பட்டப்பகலில், ஏன்சார் குடியிருக்கும் தெருவிலேயே குழாய் போனது. லாரி ஒன்று ஓரத்தில் ஏறியதில் குறுக்கே முறிந்த உடைப்பு. மின்னல் வந்துவிட்டார் என்றதும் தெரு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. முப்பது சுற்று வழக்கம்போலப் பறந்தது. அதற்கப்புறம் சாவியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கொஞ்சம் அசைத்தார், நின்றார். மறுபடி கொஞ்சம் அசைத்தார்.

தண்ணீர் வாசற்படி ஏறியது. செருப்புகள் மிதந்தன. “தூங்கறியாய்யா?” என்று ஒருவர் கத்தினார். “பதவி வரப்போகுதுல்ல, இனிமே இப்படித்தான்,” என்றார் இன்னொருவர். ஏன்சாரின் மனைவி நனைந்த மெத்தையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அண்ணா! என் வீடு உனக்குத் தெரியலையா? மூடித் தொலையேன்!”

மின்னல் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. ஏன்சார் திண்டாடிப்போய் நின்றார். வாயைத் திறந்தால் பன்னிரண்டு கையெழுத்தும் சந்திக்கு வரும். திறக்கவில்லை. அதை நினைத்து அவர் பின்னால் எத்தனையோ முறை கூசினார்.

அந்த வாரம் கிழக்குப் பகுதியில் வேறெந்தக் குழாயும் உடையவில்லை. உடையாத குழாய்க்கு யார் கை தட்டுவார்கள்? நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட புகார்தான் வந்தது. கடமையில் அலட்சியம், வேண்டுமென்றே தாமதம். ஏழாவது கையெழுத்து மின்னலின் தங்கையுடையது. ‘விளக்கம் தேவை’ என்று மேலே எழுதி, புகார் ஏன்சார் மேசைக்கே வந்து சேர்ந்தது.

மின்னலை வரவழைத்தார். “நீங்க செஞ்சதுதான் சரின்னு நான் எழுதிடலாம் மச்சான். ஆனா மெதுவா மூடறது சரின்னு எழுதினா, வேகமா மூடினதுதான் உடைச்சுதுன்னும் எழுதணும். பன்னிரண்டும் வெளிய வரும். எழுதலேன்னா உங்களுக்கு வரவேண்டிய பதவி போகும். ரெண்டுல ஒண்ணுதான்.”

மின்னல் புகாரைப் படித்தார். தங்கையின் கையெழுத்து வந்த இடத்தில் கொஞ்சம் நின்று, மேலே படித்தார்.

“சோம்பேறின்னே இருக்கட்டும் மாப்பிள்ளை. அந்தப் பேரு எனக்குத் தாங்கும். இன்னொண்ணு தாங்காது.”

“மேற்குப் பகுதியில ஒரு ஆளு போன வாரம் ஒண்ணரை நிமிஷத்துல மூடியிருக்கான். மின்னல முந்தணும்னு பந்தயமாம்.”

மின்னல் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே முற்றத்தில் யாரோ குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்தார்.

“எழுதுங்க. ஆனா நாலு மணி வரைக்கும் எழுதாதீங்க. தையல்காரர்கிட்ட நானே சொல்லிட்டு வந்துடறேன். பேப்பர்ல படிச்சு அவர் தெரிஞ்சுக்க வேண்டாம்.”

ஏன்சார் பேனாவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். மூன்று மணிக்கு அம்மாள் ஆளனுப்பினார். விளக்கம் நாளைக்கு வரும், தேய்மானம் என்று இருக்காது என்று ஏன்சார் சொல்லியனுப்பினார். சொன்ன பிறகு பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தார். பயம்தான்.

நாலு அடிப்பதற்கு முன்பே மின்னல் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“என்ன சொன்னார்?” என்று ஏன்சார் கேட்டார்.

“திட்டல. ‘அன்னைக்கு என்னத் தூக்கிட்டு வந்தது நீதானே’ன்னு மட்டும் கேட்டாரு. ஆமான்னேன். அப்புறம் என் முகத்தையே பாக்கல.”

ஏன்சார் படிவக் கட்டைப் பிரித்தார். தையல்காரர் கடைப் படிவத்தை மேலே எடுத்து வைத்தார். ‘தேய்மானம்’ என்பதை அடித்தார். மூடிய நேரத்தை எழுத வேண்டியிருந்தது.

“முக்குல இருந்த அந்த வால்வு, எவ்வளவு நேரத்துல மூடினீங்க?”

“ஒண்ணே கால் நிமிஷம்,” என்றார் மின்னல். “என் சர்வீஸ்லயே அதுதான் வேகம்.”

ஏன்சார் அதை எழுதிக்கொண்டார்.