ஒன்பதாவது குழியில் எண்பது கார்

கார் கண்காட்சி நடத்த என் புல்தரைதான் கிடைத்ததா என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குப் பொறுப்பு நான். விவசாயம் படித்த பட்டம் வைத்திருக்கிறேன். கிளப் செயலாளர் பிரசன்னாவுக்கு நான் சம்பளம் வாங்கும் ஒரு தடங்கல், அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு முதல் நாள் நல்ல மழை. ஈரத் தரையில் கார் ஏறினால் மண் இறுகிவிடும், வேருக்கு மூச்சு முட்டும், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார்.

"புல்லு செத்தா இனிமே இங்க ஷோவே கிடையாது கனிமொழி. போதுமா?"

ஒன்பதாவது குழிக்குப் போகும் தரையில் எண்பது கார்கள் ஏறின. நம் ஆட்கள் காரை வெறுமனே நிறுத்துவார்களா? புது வண்டியை அங்கேயே வாங்கிய குடும்பங்கள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, புல் மேலேயே கற்பூரம் ஏற்றி, குங்குமம் தடவிய பூசணிக்காயைப் போட்டு உடைத்தன. தட்டை நீட்டி, இதில் ஏற்றுங்கள் என்றேன். நல்ல காரியத்தில் குறுக்கே வராதே என்று ஓர் அம்மா கடிந்துகொண்டார். காருக்குக் கண் படக் கூடாதாம். என் புல்லுக்குப் பட்டால் யார் கேட்பது?

எல்லோரும் போன பிறகு நானும் கோதண்டமும் சுற்றிப் பார்த்தோம். அவர் குத்தம்பாக்கத்துக்காரர், மைதானத்தில் என்னோடு வேலை பார்ப்பவர். எங்கும் சக்கரப் பள்ளம், கருகிய வட்டங்கள், பூசணிச் சதை.

"இத்த அப்டியே வுட்டுடலாம் மேடம். காஞ்சி போவட்டும். அப்பதான் அந்தாளு அடங்குவாரு" என்றார் கோதண்டம்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தண்ணீர் இல்லை, மணல் இல்லை, தொடவே கூடாது என்று பேசி முடித்தோம். அதற்குப் பிறகு மழையும் எட்டிப் பார்க்கவில்லை. புல் மஞ்சளாகி, பிறகு வைக்கோலாக ஆரம்பித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் விடியும்போதே வேலப்பன்சாவடி வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தெளிப்பான் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தது. கோதண்டம் கூர்முனைக் கம்பியால் இறுகிய தரையில் குத்திக் குத்தித் துளை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சும்மா பாத்துகினு கீறதுக்கு மனசு வரல மேடம்."

திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இன்னொரு கம்பியை எடுத்துக்கொண்டேன். துளையெல்லாம் மணல் நிரப்பினோம். கருகிய இடத்தை வெட்டி எடுத்துப் புதுப் புல் பதித்தோம். கொஞ்ச நாளில் பச்சை திரும்பியது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, முட்டாள்தனமாக.

அப்புறம் பிரசன்னா வந்தார், கண்காட்சி நடத்தும் ஆட்களோடு. தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"பாத்தீங்களா? புல்லுக்கு ஒண்ணுமே ஆகல. நீங்கதான் சும்மா பயந்தீங்க."

இனி மாதம் ஒரு கண்காட்சி என்று அங்கேயே நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். அவர்கள் போனதும் கோதண்டம் மெதுவாக என் பக்கம் வந்து, மணல் எத்தனை லோடு சொல்லட்டும் என்று கேட்டார்.

ரெண்டு சொல்லுங்கள் என்றேன்.