விருந்துக்கான விரிப்புகள்

லவீனியா அடுப்பிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து, விரலில் எச்சில் தொட்டு அதன் அடியில் வைத்துப் பார்த்தாள். சுர்ரென்றது. சூடு சரிதான்; தேய்க்கத்தான் இடமில்லை. தேய்க்கும் பலகையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள்.

ஆள் நீளத்துக்கு வீட்டில் இருந்தது அந்த ஒரு பலகைதான். விடியும்போது அம்மா பெர்மீலியாவின் மூச்சு நின்றதும், அவளுடைய அக்கா டார்க்கஸ் குளிப்பாட்டி உடுத்தி அதில் படுக்க வைத்தாள். பக்கத்து ஊரிலிருந்து பாதிரியார் வந்து ஜெபிக்கும்வரை அங்கேதான் இருப்பாள். மூலைக் கூடையில், நேற்று அம்மாவே நீர் தெளித்துச் சுருட்டி வைத்த ஹோட்டல் மேசை விரிப்புகள் இருந்தன. இன்று ராத்திரி அங்கே சுரங்க முதலாளிகளுக்கு விருந்து.

“இறக்கி வைடி அதை,” என்றாள் டார்க்கஸ் பெரியம்மா. “பொணம் கிடக்கிற வீட்டுல இஸ்திரி போடுறதை நான் எங்கயும் பார்த்ததில்லை. பெத்தவ போயிட்டா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கை மட்டும் பரபரங்குது.”

உண்மைதான். உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஹோட்டல் மேலாளர் புரூயிட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பனியில் நின்றார். கறுப்புக்காரியான அம்மாவை ‘மிசஸ் டாபின்’ என்று அழைத்த முதல் வெள்ளைக்காரர். அப்படி அழைக்காவிட்டால் துணியைத் தொடமாட்டேன் என்று அம்மா அடம்பிடித்து வாங்கிய மரியாதை அது.

“மிசஸ் டாபின் போனது ரொம்ப வருத்தம், லவீனியா. நீ துணியைப் பத்திக் கவலைப்படாதே, நான் எடுத்துட்டுப் போறேன். புதுசா வந்த நீராவிச் சலவைக்காரங்க பண்ணித் தர்றேன்னாங்க.”

“அடுத்த வாரத் துணி?”

அவர் தொப்பி விளிம்பைத் தடவினார். “அதையும் அவங்களே பார்த்துக்குவாங்க. நீ ஒருத்தியா எப்படிச் சமாளிப்பே?”

இதற்குத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றது. மிசௌரியில் அடிமையாக எஜமானி வீட்டுத் துணி வெளுத்த அம்மா, இந்த மொன்டானா மலைக்கு வந்து தன் பெயரைச் சலவைக்கடைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியவள். சுரங்கத்தாரின் சட்டைகளால் வயிற்றைக் கழுவலாம். தொழில் நிற்பது ஹோட்டல் துணியால். இந்தக் கூடையைக் கொடுத்தால் எல்லாமே போகும்.

“துணி சாயங்காலம் வரும், மிஸ்டர் புரூயிட். எப்பவும் வர்ற மாதிரி.”

கதவைச் சாத்தினாள்.

“வாய் மட்டும் அவளாட்டமே,” என்றாள் பெரியம்மா. “எதுல வச்சுத் தேய்ப்பே? அவளைத் தரையில இறக்கலாம்னு மட்டும் நினைக்காதே.”

“நினைக்கல.” ஒரு கணம் நினைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் போட்டுப் பார்த்தாள். அது குட்டை, விரிப்பு வழிந்து தரையில் புரண்டது. அவசரமாகச் சுருட்டும்போதுதான் தச்சர் எஸ்ரா சவப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். மூடியைத் தனியாகச் சுவரில் சாய்த்தார். புதுப் பைன் மரம், வழவழவென்று இழைத்தது. லவீனியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எஸ்ராண்ணே, இதை அந்த ரெண்டு நாற்காலி மேல வைங்க.”

எஸ்ரா பெரியம்மாவைப் பார்த்தார். அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். “நான் எதையும் பாக்கல,” என்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

மூடிமேல் கம்பளி விரித்துத் தேய்க்கத் தொடங்கினாள். ஈரத் துணியிலிருந்து கஞ்சி வாசனை ஆவியாக எழுந்தது. அம்மாவின் மடியில் முகம் புதைத்தால் வரும் அதே வாசனை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

விரிப்பின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள். பெரியம்மா.

“கோணலா மடிக்காதே. அவ பார்த்தா எழுந்து வந்து கன்னத்துல ஒண்ணு வைப்பா.”

“வரட்டும் பெரியம்மா,” என்றாள் லவீனியா. “வந்து வைக்கட்டும்.”

பெரியம்மா அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். கூடை காலியாகும்வரை மடித்துக் கொடுத்தாள்.

எஸ்ரா அடுத்த தெருவிலிருந்த ஹோட்டலுக்கு விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்குள், புரூயிட் கொடுத்த அடுத்த வாரத்து அழுக்கு மூட்டையோடு திரும்பி வந்து அதைக் கதவோரம் வைத்தார். அம்மாவைப் பெட்டிக்குள் இறக்கினார்கள்.

மூடியின்மேல் கிடந்த கம்பளியை உருவிய எஸ்ரா தயங்கினார். “இன்னும் சூடா இருக்கும்மா. கொஞ்சம் ஆறட்டுமா?”

லவீனியா உள்ளங்கையை மரத்தில் வைத்துப் பார்த்தாள்.

“வேண்டாம்ணே. வெளியில பனி. சூட்டோடயே போகட்டும்.”

எஸ்ரா மூடியைத் தூக்கி மெல்லப் பொருத்தினார்.