நகர்ந்த புள்ளி

கணக்கு டீச்சருக்கு விடுமுறை வந்தால் ஒரே பித்து. கடல் தாண்டி எங்கோ இருக்கும் தொலைநோக்கி எடுக்கும் படங்களை அலசி, புது வால்நட்சத்திரம் தேடுவார். ஒன்பது வருடமாக ஒன்றும் சிக்கவில்லை. அன்று காலை முதல் படத்திலேயே, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு மங்கலான புள்ளி! அது நகர்கிறதா என்று அறிய இன்னும் மூன்று படங்கள் வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் வானியல் மையத்துக்குத் தகவல் அனுப்பினால்தான் மற்ற ஆய்வாளர்கள் அன்றே தேடுவார்கள்.

மணி பத்தரை. டவுன்லோடு முடிய ஐந்து மணி நேரமாம்.

ரவுட்டரை அணைத்துப் போட்டார். கணினிக்கு வைஃபை பிடித்துத் தரும் வயர்லெஸ் அடாப்டரைக் கழற்றி மாட்டினார். ம்ஹூம்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் நாத்தனார் வேலை முடிந்து சீருடையோடு உள்ளே வந்தாள்.

"என்ன அண்ணி, முறைச்சா அது பயந்து ஓடிடுமா?"

"கிண்டல் பண்ணாதே! போன்ல இதே வைஃபை பறக்குது. இதுல மட்டும் ஊருது."

"எப்பலேர்ந்து?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

நாத்தனார் குனிந்து கணினியின் பின்பக்கம் பார்த்தாள். கட்டைவிரல் அளவு அடாப்டரை உரசிக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டி செருகியிருந்தது.

"இது என்ன?"

"புது ஹார்ட் டிஸ்க். நேத்துதான் மாட்டினேன்."

"அட, அதான்! எங்க வண்டியில கேமரா மாட்டினதும் ரேடியோல ஒரே இரைச்சல். தள்ளி வச்சோம், கணீர்னு ஆயிடுச்சு. அடாப்டரும் ரேடியோ மாதிரிதானே?"

டீச்சர் இழுப்பறையைக் கவிழ்த்து ஒரு நீட்டிப்பு ஒயரைக் கண்டெடுத்தார். அதன் முனையில் அடாப்டரை மாட்டி ஜன்னல் ஓரம் வைத்தார்.

ஐந்து மணி நேரம் என்றிருந்தது இருபது நிமிடமாகச் சுருங்கியது.

"அடி என் தங்கமே!" டீச்சர் நாத்தனாரைக் கட்டிக்கொண்டார்.

படங்கள் வந்ததும் வரிசையாகத் தட்டினார். விண்மீன்கள் அசையவில்லை. பஞ்சுத்துணுக்கு போன்ற அந்தப் புள்ளி மட்டும் படத்துக்குப் படம் இடப்பக்கம் தள்ளிப் போனது.

"நகருது! அண்ணி, நகருது!" கத்தியது நாத்தனார்தான். டீச்சர் பதினொன்று நாற்பதுக்குத் தகவலை அனுப்பினார்.

மறுநாள் காலை பதில் வந்தது. மூன்று தொலைநோக்கிகள் பார்த்து உறுதி செய்திருந்தன. புது வால்நட்சத்திரமேதான்.

"வாலைக் காணோமே அண்ணி?"

"சூரியன்கிட்ட வரட்டும்டி, முளைக்கும்!" என்று டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார்.