ஒப்பிட ஓர் ஆள்

கோவர்த்தனனுக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் புற்று இருக்கலாம் என்று சித்தூரில் சந்தேகப்பட்டார்கள். திருப்பதி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். அறுவை சிகிச்சைக்காக வார்டில் சேர்ந்திருந்தபோது மோகனப்ரியா வந்தாள். திருத்தணியிலிருந்து ரயிலில் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. அவர் பேச்சைக் கேட்டதும் தெலுங்கை விட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"ஐயா, ரத்தத்துல மைக்ரோ ஆர்என்ஏன்னு பொடிப்பொடியா துணுக்குங்க இருக்கும். செல்லுக்குள்ள எந்த மரபணு வேலை செய்யணும், எது அடங்கி இருக்கணும்னு பார்த்துக்கிறதுல அதுங்களுக்கும் பங்கு உண்டு. புத்து வந்தா அதுல சிலது ஏறும், சிலது இறங்கும். அதை வெச்சு நோயை முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா, ஏறினதை அடக்க மருந்து செய்ய முடியுமான்னு பார்க்கிறோம். உங்க ரத்தம் கொஞ்சம் வேணும்."

"இதால எனுக்கு இன்னா ஆவும்?"

"உங்க வைத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது. பின்னாடி வர்றவங்களுக்கு உதவலாம்."

பொய் சொல்லாத பெண் என்று அவருக்குப் பட்டது. கையை நீட்டினார்.

"இன்னொரு உதவி" என்றாள் அவள். "உங்க வயசு, உங்க ஊர், உங்களைப் போலவே புகையிலை போடுறவர், ஆனா நோய் இல்லாதவர் யாராவது வருவாங்களா? ஒப்பிட்டுப் பார்க்கணும்."

அவர் மனைவி செங்கம்மா தன் தம்பி வருவான் என்றாள். கோவர்த்தனன் தலையாட்டி மறுத்தார்.

"பூவராகவனுக்கு போன் போடு."

செங்கம்மா திகைத்துப் போனாள். சொந்த ஊரான பாலசமுத்திரத்தில் இரண்டு குடும்பங்களின் மாந்தோப்புகளும் அடுத்தடுத்து இருந்தன. டிராக்டர் போகும் வழிக்காகத் தாசில்தார் ஆபீஸ் வரை போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"அந்த ஆளை எதுக்கு இங்க கூப்பிடணும்?"

"ஒரே கிளாஸ்ல படிச்சோம். ஒரே கடையில பொட்டலம் வாங்கினோம். என்னைவிட அவன்தான் அதிகமா போட்டுக்கினு இருந்தான். அவன் நல்லா கீறான், நான் இங்க கீறேன். இன்னா வித்தியாசம்னு இந்தப் பாப்பா பார்க்கட்டும்."

செங்கம்மா போனில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். "எப்போ வரணும்?" என்று மட்டும் பூவராகவன் கேட்டார்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். வராந்தாவில் ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒப்பீட்டுக்கு வருபவருக்கு நோய் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பல் டாக்டர், "நோரு தெரவண்டி" என்றதும் பூவராகவன் வாயைத் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் தன் சீனியரைக் கூப்பிட்டார். கீழ் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைப் படலம்.

"வலிக்கவே இல்லியே" என்றார் பூவராகவன்.

மோகனப்ரியா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "இது புத்துன்னு சொல்லலைங்க ஐயா. சில பேருக்குப் பின்னாடி புத்தா மாறலாம். சதை எடுத்துப் பார்க்கணும். நோய் இல்லாதவங்க வரிசையில உங்களைச் சேர்க்க முடியாது."

கேட்டுக்கொண்டிருந்த கோவர்த்தனனுக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்தது. அடுத்த கணமே அது அவரைப் பயமுறுத்தியது. பூவராகவன் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"உக்காருடா" என்றார்.

பூவராகவன் உட்கார்ந்தார். "என்னை ஒப்பிடத்தானே கூப்ட்டே? ஒப்பாத்தான் கீது போல."

"அப்படிச் சொல்லாத. உன்து ஆரம்பம்."

அப்படித்தான் இருந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இன்னும் வந்திருக்கவில்லை. படலத்தை வெட்டி எடுத்துவிட்டு, புகையிலையைத் தொடவே கூடாது என்றார்கள். அவர் விட்டார், மறுபடி போட்டார், திட்டு வாங்கி மறுபடி விட்டார். படலம் உள்ளவர்களுக்கென்று இருந்த தனி வரிசையில் அவர் ரத்தமும் சேர்ந்தது. ஒப்பீட்டுக்குச் செங்கம்மாவின் தம்பி வந்துபோனான்.

கோவர்த்தனனுக்குக் கன்னத்தோடு தாடையிலும் ஒரு பகுதி போயிற்று. கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கஞ்சிதான் இறங்கியது, பேச்சு குழறியது. பரிசோதனை நாட்களில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்வந்தார்கள். வழித் தகராறு முடியவில்லை. அதைப் பற்றி பஸ்ஸில் பேசுவதில்லை.

அடுத்த மாங்காய் சீசன் முடிந்த பிறகு ஒரு நாள் கோவர்த்தனன் மோகனப்ரியாவிடம் முடிவைக் கேட்டார். குழறலைப் பூவராகவன் திருப்பிச் சொன்னார்.

"மொத்தமா பார்த்தா ஒரு மைக்ரோ ஆர்என்ஏ நோயாளிங்களுக்கு அதிகமா இருக்குது. படலம் இருக்கிறவங்களுக்கு நடுவுல நிக்குது. ஆனா ஒருத்தரை மட்டும் எடுத்துப் பார்த்துச் சொல்ற அளவுக்கு வரலை. உங்களுக்கு ஏன் வந்தது, அவருக்கு ஏன் வரலைன்னு இதால சொல்ல முடியாதுங்க. இன்னும் நிறைய பேரைப் பார்க்கணும்."

கோவர்த்தனன் மெல்லத் தலையசைத்தார்.

"ஆளுதானே வேணும்?" என்றார் பூவராகவன். "எங்க ஊருக்கு வா பாப்பா. எத்தினி பேரு வாயில அடக்கிக்கினு கீறானுங்க தெரியுமா? டாக்டரையும் இட்டுக்கினு வா."

மேலே அனுமதி வாங்க வேண்டியிருந்ததால் சில மாதம் ஆயிற்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. பூவராகவன் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார். டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கோவர்த்தனன் உட்கார்ந்திருந்தார். அவரால் அதிகம் பேச முடியவில்லை. வந்தவர்கள் அவர் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வாயைத் திறந்தார்கள். சிலரைத் திருப்பதிக்கு வரச் சொன்னார்கள். அவர்களிலும் சிலர் போகவில்லை.